டெலிபோட்டோ ஜூம் லென்ஸ்களின் கூர்மை: சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து ஒரு மதிப்பீடு

டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் என்பது தொலைவிலுள்ள பொருளைப் பெரிதாகப் படமெடுக்க உதவும், குவியத் தொலைவை வேண்டியபடி கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் கேமரா லென்ஸ் ஆகும். 100 மி.மீ. முதல் 400 மி.மீ. வரை, 150 முதல் 600 வரை, 200 முதல் 800 வரை எனப் பல அளவுகளில் இவை கிடைக்கின்றன. பறவைகள், காட்டுயிர்கள், விளையாட்டுப் போட்டிகள் ஆகியவற்றைப் படமெடுப்போர் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். சேலத்தில் கன்னங்குறிச்சி மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரைகள், நாமக்கல்லை அடுத்த தூசூர் ஏரி போன்ற இடங்களில் குளிர்காலக் காலை வேளைகளில் இந்த லென்ஸ்களோடு நிற்கும் பறவை நோக்கர்களைக் காணலாம்.

புதிதாக லென்ஸ் வாங்க நினைக்கும் மாணவர் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி லென்ஸ் ஷார்ப்பாக இருக்கும்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. புதிய லென்ஸின் விலை பெரும்பாலும் ஒரு இலட்சம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் லென்ஸை வாங்கியவர் அந்நிறுவனத்தின் கேமராவோடும் பிணைக்கப்படுகிறார். பிறகு மாற நினைத்தால் இரண்டையும் நட்டத்துக்கு விற்றாக வேண்டும். இந்தக் கேள்விக்கு விடையாக இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தச் சமவெளியில் படமெடுப்பவருக்குப் பாதி விடையைக்கூடத் தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. அவற்றின் அளவீடுகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவை அளப்பது ஒன்று, ஏரிக்கரையில் தேவைப்படுவது வேறொன்று.

கூர்மை என்பது எது?

பேச்சு வழக்கில் 'ஷார்ப்' என்று சொல்லும்போது இரண்டு பண்புகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று பிரிதிறன்: அருகருகே உள்ள இரண்டு நுண்ணிய கோடுகளை இரண்டாகவே காட்டும் திறன். மற்றொன்று கான்ட்ராஸ்ட்: கறுப்பைக் கறுப்பாகவும் வெள்ளையை வெள்ளையாகவும் பிரித்துக் காட்டும் திறன். பிரிதிறன் மிகுந்தும் கான்ட்ராஸ்ட் குறைந்தும் உள்ள படம் மங்கலாகத் தோன்றும். கான்ட்ராஸ்ட் மிகுந்து நுண்விவரம் குறைந்த படம் முதல் பார்வைக்குக் கூர்மையாகத் தெரிந்து, பெரிதாக்கும்போது ஏமாற்றும்.

இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்ட முயல்வதே எம்.டி.எஃப். வரைபடம். கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வேறுபாடு லென்ஸைக் கடந்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை அது சொல்கிறது. கேனானும் நிக்கானும் ஒரு மில்லிமீட்டருக்கு 10 கோடுகள், 30 கோடுகள் என்ற இரு அளவுகளில் இதை வெளியிடுகின்றன. 10 கோட்டு வளைவு கான்ட்ராஸ்ட்டையும் 30 கோட்டு வளைவு நுண்விவரத்தையும் குறிக்கும். ஃபியூஜிஃபிலிம் தனது ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு 15, 45 என்ற அளவுகளைப் பயன்படுத்துகிறது. அதன் சென்சார் சிறியது என்பதால் அளவுகோலும் கடினமாக்கப்பட்டுள்ளது. இவற்றில் பெரும்பாலானவை லென்ஸின் வடிவமைப்பிலிருந்து கணினியால் கணக்கிடப்பட்டவை. உண்மையான லென்ஸை அளந்து வெளியிடும் வழக்கம் உடைய ட்சைஸ் போன்ற நிறுவனங்கள் மிகச் சில. சிக்மா, ஒளியின் அலைப்பண்பைக் கணக்கில் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வரைபடங்கள் தருகிறது. எனவே இரு நிறுவனங்களின் வரைபடங்களை அருகருகே வைத்துத் தீர்ப்பு சொல்வது, ஒருவர் படியால் அளந்ததையும் மற்றவர் தராசில் நிறுத்ததையும் ஒப்பிடுவது போன்றது.

தனி ஆய்வகங்களின் சோதனைகள் இதைவிட மேலானவை. அவற்றுக்கும் எல்லை உண்டு. 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்டகச் சென்சாரை 1 மீட்டர் அகலச் சோதனை அட்டையால் நிரப்ப வேண்டுமானால், 600 மி.மீ. லென்ஸை ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அதாவது, அறைக்குள், அசையாத காற்றில், கனமான முக்காலியின் மேல், 17 மீட்டருக்கான கூர்மைதான் அளக்கப்படுகிறது. ஏரிக்கரையில் பறவை 17 மீட்டரில் நிற்பது அரிது. தவிர, இச்சோதனைகள் படத்தின் நான்கு மூலைகளுக்கும் மதிப்பெண் தருகின்றன. பறவைப் படத்தின் மூலையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரோ வானமோதான்.

சந்தையில் உள்ளவை

இன்று பறவை நோக்கர்களிடையே பேசப்படும் லென்ஸ்களைச் சுருக்கமாக மதிப்பிடலாம்.

2013 இறுதியில் டாம்ரான் 150-600 அறிமுகமானபோதுதான் 600 மி.மீ. என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. அடுத்து சிக்மா தன் 150-600 லென்ஸை 'ஸ்போர்ட்ஸ்', 'கன்டெம்பரரி' என இரு வடிவங்களில் கொண்டுவந்தது. முன்னது 2.8 கிலோவுக்கு மேல், பின்னது 2 கிலோவுக்குள். டாம்ரானின் இரண்டாம் பதிப்பு 2016இல் வந்தது. 400 மி.மீ. வரை இவை நன்றாகவே வரைகின்றன. 600 மி.மீ.யில் துளையை முழுதும் திறந்து எடுக்கும்போது கான்ட்ராஸ்ட் சற்றுத் தளர்கிறது. துளையை எஃப்/8 வரை சுருக்கினால் தெளிகிறது. பழைய கேமராவோடு செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இன்றும் இவை பொருத்தமானவை.

2015இல் வந்த நிக்கான் 200-500 எஃப்/5.6, விலைக்குத் தரும் கூர்மைக்காகப் பெயர் பெற்றது. 500 மி.மீ.யிலும் எஃப்/5.6 துளை குறையாமல் நிற்பது இதன் வலிமை. பறக்கும் பறவையின் மேல் குவியம் பிடிப்பதில் நிதானமானது என்பது இதன் குறை. 2023இல் வந்த நிக்கான் இசட் 180-600 அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது.

சோனி 200-600 2019இல் வந்தது. 600 மி.மீ.யில் எஃப்/6.3 என்ற முழுத் துளையிலேயே நடுப்பகுதி கூர்மையாக இருக்கிறது. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாத வடிவமைப்பு இதற்கும் நிக்கான் 180-600க்கும் பொது. புழுதி பறக்கும் ஏரிப் படுகைகளில் இது சிறிய வசதியல்ல. நீண்டு சுருங்கும் குழல் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது.

கேனானின் ஆர்.எஃப். 100-500 2020இல் வந்தது. முக்காலிப் பிடி இல்லாமல் 1.4 கிலோவுக்கும் குறைவு. கூர்மையில் இதைக் குறை சொல்வது கடினம். ஆனால் 500 மி.மீ.யில் இதன் துளை எஃப்/7.1 மட்டுமே. 2023இல் வந்த ஆர்.எஃப். 200-800, 800 மி.மீ. வரை எட்டுகிறது, அங்கே அதன் துளை எஃப்/9.

இந்த வரிசையில் 'மோசமான' லென்ஸ் எதுவும் இல்லை. ஒப்பீடுகள் பெரிதாக்கிக் காட்டும் வேறுபாடுகள் பெரும்பாலும் கணினித் திரையில் இருமடங்கு பெரிதாக்கினால்தான் தெரிகின்றன. உண்மையான வேறுபாடு நிறுவனத்தின் பெயரில் இல்லை, இனிவரும் மூன்று கணக்குகளில் உள்ளது.

முதல் கணக்கு: விட்டம்

எந்த லென்ஸும் ஒளியின் இயல்பைத் தாண்டிக் கூர்மையாக முடியாது. துளையின் ஓரத்தில் ஒளி வளைவதால் ஏற்படும் விளிம்பு விளைவு, ஒரு புள்ளியைச் சிறு வட்டமாகப் பரப்பிவிடுகிறது. இதற்கான எல்லையைத் தீர்மானிப்பது லென்ஸுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம். குவியத் தொலைவைத் துளை எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும்.

சோனி, நிக்கான் இசட், சிக்மா, டாம்ரான் ஆகிய நான்கும் 600 மி.மீ.யில் எஃப்/6.3 என்பதால் நான்குக்கும் விட்டம் சுமார் 95 மி.மீ. நிக்கான் 200-500க்கு 89 மி.மீ. கேனான் 100-500க்கு 70 மி.மீ. பாடநூல்களில் வரும் ரேலே வாய்பாட்டின்படி பச்சை ஒளியில் கணக்கிட்டால், 60 மீட்டர் தொலைவில் 95 மி.மீ. விட்டம் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 0.42 மி.மீ.; 70 மி.மீ. விட்டத்துக்கு அது 0.57 மி.மீ. நிறுவனம் எதுவானாலும் இந்த எல்லை மாறாது.

இன்னொரு வியப்பும் இதில் உண்டு. கேனான் 200-800இன் 800 மி.மீ. எஃப்/9க்கும் விட்டம் 89 மி.மீ.தான். ஆகவே இயற்பியல் எல்லையில் அதுவும் நிக்கானின் 500 மி.மீ. எஃப்/5.6உம் சமம். 800 கூடுதலாகத் தருவது பறவையின் மேல் விழும் பிக்சல்களை. அதற்கு ஈடாக, சென்சாரின் ஒவ்வொரு பகுதிக்கும் வந்து சேரும் ஒளி இரண்டரை மடங்கு குறைகிறது.

எடை குறைந்த லென்ஸை வாங்குபவர் விட்டத்தையும் குறைத்தே வாங்குகிறார். கொல்லிமலை ஏறுபவருக்கு அது நல்ல பேரம். ஏரிக்கரையில் ஓரிடத்தில் நிற்பவருக்கு அவ்வளவு நல்ல பேரமல்ல.

இரண்டாம் கணக்கு: தூரம்

குளிர்காலத்தில் வலசை வரும் கொசு உள்ளானை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் சுமார் 13 செ.மீ. அதன் நெருங்கிய உறவான டெம்மிங்க் உள்ளானும் அதே அளவே. சேற்றில் மேயும்போது இரண்டையும் பிரித்தறிய உதவுபவை கால் நிறமும் மார்பும். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், வெளுத்த மார்பு. டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சளோ பசுமையோ கலந்த கால், பழுப்புச் சாம்பல் மார்பு.

60 மீட்டர் தொலைவில் 600 மி.மீ. லென்ஸ் இந்தப் பறவையைச் சென்சாரில் 1.3 மி.மீ. நீளத்துக்கு வரைகிறது. 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில் அது ஏறத்தாழ 217 பிக்சல். ஒரு பிக்சல் பறவையின் மேல் 0.6 மி.மீ. அகலத்தை அடக்குகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கால், மூன்று பிக்சலுக்குள் முடிந்துவிடும். அங்கே நிறம் என்பது பாதி ஊகம்தான்.

இதே பறவையை 400 மி.மீ. லென்ஸால் எடுத்தால் சுமார் 144 பிக்சல். 400 வைத்திருப்பவர் 60 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு நெருங்கினால், 600 வைத்திருப்பவர் பின்னால் நின்றபடி பெறும் அதே 217 பிக்சலைப் பெறுகிறார். இரண்டு நிறுவனங்களின் 600 மி.மீ. லென்ஸ்களுக்கு இடையிலுள்ள கூர்மை வேறுபாடு இந்த 20 மீட்டருக்கு அருகில்கூட வராது. வரப்பின் மறைவில் உட்கார்ந்து, பறவை தானாக மேய்ந்து நெருங்கும்வரை அசையாமல் காத்திருப்பவரின் லென்ஸ்தான் அந்தக் கரையில் மிகக் கூர்மையான லென்ஸ். துரத்திச் சென்று நெருங்குவது இதில் சேராது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவையை மேயவிடாமல் விரட்டும் படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மெச்சத்தக்கதல்ல.

மூன்றாம் கணக்கு: காற்று

மேற்சொன்ன கணக்குகளையெல்லாம் இந்தச் சமவெளியில் ஒன்றுமில்லாமல் ஆக்கக்கூடியது கானல். வெப்பம் 1 பாகை மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாறும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். 600 மி.மீ. லென்ஸின் ஒரு பிக்சல் வானில் அடக்கும் கோணம் வெறும் 2 விகலை என்பதோடு சேர்த்துப் பார்த்தால் அது அற்பமல்ல. சூடான தரையிலிருந்து எழும் காற்றுக் குமிழிகள் பறவைக்கும் லென்ஸுக்கும் இடையே ஆயிரம் சிறு லென்ஸ்களாக வேலை செய்கின்றன. தரையை ஒட்டி மேயும் பறவையே இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியஸை ஒட்டிச் செல்லும் ஊர்கள் இவை. வற்றிய ஏரிப் படுகையில் வெயில் ஏறியபின் 60 மீட்டருக்கு அப்பால் எந்த நிறுவனத்தின் லென்ஸும் ஒன்றுதான். ஜனவரியிலும் முற்பகல் கடந்தால் வெறுந்தரையின் மேல் கானல் தொடங்கிவிடும். தார்ச்சாலையைத் தாண்டியோ, ஓடி நின்ற வண்டியின் முன்மூடிக்கு மேலாகவோ எடுக்கும் படமும் இவ்வாறே கெடும். "லென்ஸ் சாஃப்ட்டாக இருக்கிறது" என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படும் லென்ஸ்களில், வெயிலின் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவையும் இருக்கும்.

காற்று பெரும்பாலும் அமைதியாக இருப்பது விடியலை ஒட்டிய நேரத்தில். ஆனால் அப்போது வெளிச்சம் குறைவு. கூர்மைக்கு காற்று இடம் தரும் ஒரு மணி நேரத்தில் ஒளி இடம் தருவதில்லை. ஒளி தாராளமாகும்போது காற்று கெட்டுவிடுகிறது. சமவெளிப் பறவைப் படத்தின் மையச் சிக்கல் இதுதான்.

ஒப்பீட்டு அட்டவணைகளைப் படிக்கும் முறையையும் இதுவே மாற்ற வேண்டும். "எஃப்/8க்குச் சுருக்கினால் மிகக் கூர்மை" என்ற பரிந்துரை, விடியல் வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தைக் குறைக்கவோ ஐஎஸ்ஓவைக் கூட்டவோ வைக்கும். முன்னதில் அசைவு மங்கல், பின்னதில் இரைச்சல். இரண்டும் சுருக்கியதால் கிடைத்த கூர்மையைத் தின்றுவிடும். எனவே பல கட்டங்கள் கொண்ட சோதனை அட்டவணையில் இங்கே படமெடுப்பவர் பார்க்க வேண்டியது ஒரே கட்டத்தைத்தான்: மிக நீண்ட குவியத் தொலைவு, முழுத் துளை, படத்தின் நடுப்பகுதி. அந்தக் கட்டத்தில் சோனி 200-600, நிக்கான் இசட் 180-600, கேனான் 100-500 ஆகியவை முன்னிற்கின்றன. மூன்றிலும் முதல் இரண்டுக்கு விடியல் ஒளி சற்று அதிகம். பழைய 150-600 லென்ஸ்கள் விட்டுக்கொடுப்பதும் அந்தக் கட்டத்தில்தான். கூடுதல் விலை எதற்கு என்ற கேள்விக்கு நேர்மையான விடையும் அதுவே.

ஒரே மாடல், இரண்டு லென்ஸ்கள்

நிறுவன ஒப்பீடுகளில் பெரும்பாலும் மறைக்கப்படும் செய்தி இன்னொன்று உண்டு. ஒரே மாடலின் இரண்டு லென்ஸ்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஜூம் லென்ஸில் கண்ணாடித் தொகுதிகள் நகர்ந்தபடி இருப்பதால் சிறு சாய்வும் விலகலும் கூர்மையைப் பாதிக்கும். லென்ஸ்களை வாடகைக்கு விடும் அமெரிக்க நிறுவனமான லென்ஸ்ரென்டல்ஸ், ஒரே மாடலின் பல லென்ஸ்களை அளந்து இந்த வேறுபாட்டை வெளியிட்டு வந்தது. ஒரே ஒரு லென்ஸை வைத்து ஒரு நிறுவனத்தையே தூக்கியோ தாழ்த்தியோ பேசும் மதிப்புரைகள் இந்த இடத்தில் வலுவிழக்கின்றன.

கேமராவின் பங்கும் இதில் கலக்கிறது. டாம்ரான் 150-500 லென்ஸ் சோனி, ஃபியூஜிஃபிலிம், நிக்கான் இசட் ஆகிய மூன்று வகைக் கேமராக்களுக்கும் செய்யப்படுகிறது. கண்ணாடி ஒன்றே, ஆனால் சென்சார், குவியம் பிடிக்கும் முறை, படத்தைச் செதுக்கும் மென்பொருள் ஆகியவை வேறு. வெளிவரும் படங்கள் வேறுபட்டால் அது லென்ஸின் தகுதியாகாது.

கூர்மை எதற்காக?

காட்டுயிர் ஒளிப்படக் கலைஞரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912-1996) ஒரு நிறுவனத்தின் கேமரா உடலோடு வேறொரு நிறுவனத்தின் டெலி லென்ஸைப் பொருத்தித் தானே கட்டிய கருவியால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தவர். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அவருடைய பறவைக் கட்டுரைகளைப் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற நூலாகத் தொகுத்தவர் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் பெருமாள்முருகன். இன்றைய அளவுகோலில் கிருஷ்ணனின் கருவி எந்தச் சோதனையிலும் தேறாது. விலங்கு என்ன செய்கிறது, எங்கே நிற்கிறது என்பதைச் சொன்னதால் அப்படங்கள் நிலைத்தன.

இன்று ஏரிக்கரையில் எடுக்கும் படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற பொதுமக்கள் முயற்சிகளில் பதிவுகள் இ-பேர்ட் தளத்தில் சேர்கின்றன. அரிய பறவையைக் கண்டதாகச் சொல்பவரிடம் படம் கேட்கப்படும். அங்கே படம் ஒரு சான்று. டெம்மிங்க் உள்ளானின் மார்பு நிறம் தெரிந்தால் போதும். இறகு ஒவ்வொன்றையும் எண்ண வேண்டியதில்லை. சான்றுக்குப் போதுமான கூர்மை மேற்சொன்ன எல்லா லென்ஸ்களிலும் உண்டு. கடன் வாங்கி இன்னொரு இலட்சம் செலவிட்டால்தான் பறவை நோக்கராக முடியும் என்ற எண்ணத்தை மாணவர்களிடம் விதைப்பதே இந்த ஒப்பீடுகளின் பெருந்தீங்கு.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனை

லென்ஸை இரவல் பெற்றோ வாடகைக்கு எடுத்தோ ஒருநாள் வைத்திருக்க முடிந்தால் போதும். செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, 15 முதல் 20 மீட்டர் தள்ளி முக்காலியில் நிறுத்தி, விடிந்த சற்று நேரத்தில் முழுத் துளையில், மிக நீண்ட குவியத் தொலைவில் பத்துப் படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் குவியத்தைக் கலைத்துப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பத்தில் எட்டுப் படங்களில் பொடி எழுத்து தெளிவாக இருந்தால் அந்த லென்ஸ் நன்று. இடப்பக்கம் தெளிவாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் இருந்தால், தாளுக்கு நேராகத்தான் நின்றோமா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு, வேறு லென்ஸ் கேட்கலாம்.

பிறகு அதே லென்ஸால் தொலைவிலுள்ள அசையாப் பொருள் ஒன்றை எடுக்க வேண்டும். நாமக்கல்லில் இருப்பவருக்குக் கமலாலயக் குளக்கரையிலிருந்து தெரியும் மலைக்கோட்டை மதிலின் விளிம்பு போதும். காலை ஆறரை மணிக்கு ஒருமுறை, பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை. இரண்டு படங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் நிறுவன ஒப்பீடுகளைப் படித்தால் அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது தானே விளங்கும்.